குழம்பில் மூழ்கிய கறி எப்படி வறண்டு போகிறது?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: “வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது அவசரத்துக்குக் கோழிக்குழம்புதான். அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுகிறேன். கால் துண்டு மெத்தென்று இருக்கிறது, நெஞ்சுக்கறி மட்டும் சக்கை. ஒரே கோழி, ஒரே சட்டி. என்ன தப்பு செய்கிறேன்?”

தப்பு அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விதான் பிடித்திருக்கிறது. நெஞ்சுக்கறியைச் சுற்றிக் குழம்பு, மேலே குழம்பு, கீழே குழம்பு. முழுக்க முழுக்க நீருக்குள் கிடக்கிற ஒன்று எப்படி வறளும்?

கறி என்பது தசை. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மயோசின், ஆக்டின் என்று இரண்டு புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போவதால் தசை சுருங்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கறியில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதி அந்த இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

சூடு ஏறினால் புரதம் உருக்குலையும். கறியின் உட்பகுதி 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மயோசின் கெட்டிப்படத் தொடங்குகிறது. கண்ணாடி போல இருந்த பச்சைக்கறி வெளுக்கிறது, விரலால் அழுத்தினால் லேசாக எதிர்க்கிறது. இதுவரை நல்லதுதான். 65, 70 என்று போகும்போது ஆக்டினும் உருக்குலைகிறது. நார்களைச் சுற்றியுள்ள உறையும் இதற்குள் சுருங்கி இறுகியிருக்கும். இரண்டும் சேர்ந்து நாரை நெருக்க, இடுக்கில் இருந்த தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது. வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு, துணியை அங்கேயே முறுக்கிப் பிழிவது போலத்தான் இது. சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் முறுக்கின துணிக்குள் தண்ணீர் நிற்காது. துணியைக் கையிலிருந்து விட்டால் மறுபடி ஊறிக்கொள்ளும். கறியின் முறுக்கு மட்டும் அவிழ்வதே இல்லை. புரதம் உருக்குலைந்தது உருக்குலைந்ததுதான், வெந்த முட்டை பச்சை முட்டையாகாத மாதிரி. அதனால் “குழம்பிலேயே ஊறட்டும், மெதுவாகிவிடும்” என்று நெஞ்சுக்கறியை இன்னும் பத்து நிமிடம் விட்டால், பிழிவதற்கு இன்னும் பத்து நிமிடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, கால் துண்டு எப்படித் தப்பியது? தப்பவில்லை! அதுவும் அதே மாதிரி பிழியப்பட்டு, தண்ணீரை இழந்துதான் தட்டுக்கு வருகிறது. ஆனால் நாக்கு ஏமாந்துவிடுகிறது.

கோழி நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் காலால். அங்கே தசையைக் கட்டிப்பிடிக்க கொலாஜன் என்ற இன்னொரு புரதம் நிறைய வேண்டும். நெஞ்சுத் தசை சிறகை அடிப்பதற்கானது. பண்ணைக் கோழி எங்கே பறக்கிறது? அதில் கொலாஜன் குறைவு. கொலாஜன் மூன்று புரியாகத் திரித்த கயிறு. 70 டிகிரிக்கு மேல், ஈரமான சூட்டில், அவசரப்படாமல் வைத்திருந்தால் அந்தக் கயிறு புரி புரியாகப் பிரிகிறது. பிரிந்த ஒவ்வொரு இழையும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஜெலட்டினாக மாறுகிறது. வறண்ட நார்களுக்கு நடுவே இந்த வழவழப்பு பரவுகிறது, கூடவே கொஞ்சம் கொழுப்பு. வாயில் போட்டால் “சாறு” என்று தோன்றுகிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். ஆட்டுக்கால் பாயா குடித்த பிறகு உதடு ஒட்டிக்கொள்வதும், ஃப்ரிட்ஜில் வைத்த நேற்றைய கோழிக்குழம்பு காலையில் தளதளவென்று உறைந்திருப்பதும் இதே ஜெலட்டின் வேலை. அந்தக் குழம்பைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் ஒரு கரண்டியால் தட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

நாட்டுக்கோழி ஏன் குக்கர் கேட்கிறது என்பதும் இங்கேயே முடிந்துவிடுகிறது. வயதான, ஓடியாடின கோழியில் கொலாஜன் கயிறுகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். சட்டியில் 100 டிகிரிக்கு மேல் குழம்பு போகாது. குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏறும், முடிச்சு சீக்கிரம் அவிழும். அதே குக்கரில் பிராய்லர் நெஞ்சுக்கறியைப் போட்டு மூன்று விசில் விடுவது பாவம்.

பிராய்லர் என்றதும் “அது ஹார்மோன் ஊசி போட்ட கோழி” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட எந்தப் பண்ணைக்குக் கட்டுப்படியாகும்? ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதும் தீவனமும்தான். பயப்படுவதென்றால் ஆன்டிபயாட்டிக்குக்குப் பயப்படலாம். மனிதனுக்குக் கடைசி மருந்தாகக் கைவசம் வைத்திருக்கும் கொலிஸ்டினையே பண்ணைகளில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது. வாட்ஸ்அப்பில் ஹார்மோன் வதந்தி சுற்றுகிற வேகத்தில் நூறில் ஒரு பங்கு கூட அந்தச் செய்தி சுற்றவில்லை. பண்ணைகளில் மருந்து எச்சத்தைச் சோதிக்கிற ஆய்வகங்களுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி ஏழு மணிக்கு வருவோம். கறிக்கடையில் வெட்டும்போதே நெஞ்சுக்கறியைத் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். காலையில் கிளம்பும் முன் அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசறி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். அப்புறம் அந்த உப்புநீரே கறிக்குள் திரும்பி, மயோசினில் கொஞ்சத்தைக் கரைத்து நாரைத் தளர்த்திவிடும். சூட்டில் பிழியும் பிடி அந்த அளவுக்குக் குறையும். குழம்பில் போடும் உப்பை மட்டும் நினைவாகக் குறைக்க வேண்டும்.

இரவு வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் வழக்கம்போல வதக்கி, கால் துண்டுகளைப் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன் பிறகுதான் நெஞ்சுத் துண்டுகள். பெருவிரல் பருமனில் வெட்டியிருந்தால் ஏழெட்டு நிமிடம் போதும். வெந்ததா என்ற சந்தேகம் வந்தால் சமையல் தெர்மாமீட்டரைப் பெரிய துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை கோழிக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு 74 டிகிரி. அதற்குள் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் செத்துவிடும். அதைத் தொட்டதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டுத் தராசு போதும். ஒரே எடையுள்ள இரண்டு நெஞ்சுத் துண்டுகளை எடுத்து, ஒன்றை எட்டு நிமிடத்திலும் இன்னொன்றை அரை மணி நேரத்திலும் வெளியே எடுத்து, துடைத்து நிறுத்துப் பாருங்கள். இரண்டாவது துண்டில் குறைந்த எடை முழுக்கக் குழம்பில்தான் இருக்கிறது.