பிரேக்கர் விழுவது கோளாறு அன்று

இந்த மாதத்தில் நான் பார்த்த மூன்றாவது சமையலறை இது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் உணவகத்தின் பின்கட்டில், கிரைண்டருக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டின் மூடியைக் கழற்றினேன். பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டிய லைவ் வயரின் உறை இரண்டு அங்குல நீளத்திற்குக் கருகி, விரல் பட்டதும் அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது. அது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். மின் பகிர்வுப் பெட்டியிலோ அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர் (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டப்பட்டிருந்தது. "பழைய 20 ஆம்பியர் அடிக்கடி விழுந்தது அண்ணே, அதனால்தான் பெரியதாக மாற்றிக்கொண்டோம்" என்றார் தலைமைச் சமையல்காரர்.

உரிமம் பெற்ற மின்பணியாளராக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பிரேக்கர் இருப்பது கிரைண்டரைக் காப்பாற்றுவதற்காக அன்று. சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் நம் கண்ணில் படாமல் ஓடும் வயரைக் காப்பாற்றுவதற்காக. 3 கிலோவாட் வெந்நீர்க் கொதிகலன், 2 கிலோவாட் உணவுச் சூடேற்றி, 1.4 கிலோவாட் கிரைண்டர் ஆகிய மூன்றும் ஒரே இணைப்பில் ஓடினால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 28 ஆம்பியர் இழுக்கும். 20 ஆம்பியர் பிரேக்கர் உடனே விழாது; மதிய உணவுக் கூட்டம் சேர்ந்து எல்லாம் இடைவிடாமல் ஓடும்போது, சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழும். அதுதான் அதன் வேலை. அதை 32 ஆக்கிவிட்டால் பாரம் குறைவதில்லை, எச்சரிக்கை மட்டுமே இல்லாமல் போகிறது. சாதாரண வயரின் பிவிசி உறை, உள்ளே இருக்கும் கடத்தி 70 டிகிரி செல்சியஸ் சூடாகும் வரைதான் தாங்கும். அடுப்புக்கு மேலே, பல வயர்களோடு ஒரே குழாயில் நெருக்கி ஓடும் வயர் அந்தச் சூட்டை இன்னும் குறைந்த ஆம்பியரிலேயே எட்டிவிடும். 32 ஆம்பியர் வேண்டுமென்றால் முதலில் தடித்த வயர் போட வேண்டும். கொதிகலன் போன்ற பெரும் பாரங்களுக்குத் தனித்தனி இணைப்பு இழுப்பதே சரியான வழி.

இரண்டாவது தவறு இதைவிடக் கொடியது. இரவில் கடையைச் சாத்தியதும் தரையைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவுகிறார்கள். மறுநாள் காலையில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, மேலே ஏற்றினாலும் நிற்காமல் விழுந்துவிடுகிறது. யாரோ ஒருவர் வந்து அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டுப் போகிறார். 20 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதே என்று உரிமையாளரும் நிம்மதியாக இருக்கிறார். 20 ஆம்பியர் என்பது 20,000 மில்லியாம்பியர். ஈரக்காலோடு நிற்கும் ஒருவரைப் பாதுகாக்க, ஆர்சிசிபி 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். மனிதர் மீது மின்சாரம் பாய்வதை அந்தப் பிரேக்கர் உணரவே உணராது. எங்கோ ஒரு சூடேற்றும் கம்பியிலோ சாக்கெட்டிலோ ஈரம் புகுந்திருக்கிறது. மின்காப்புச் சோதனைக் கருவியால் ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் உடனே மாற்றுங்கள். அந்தப் பொத்தான் எர்த் இணைப்பைச் சோதிப்பதில்லை என்பதால், அதற்கு மின்பணியாளரே வர வேண்டும். கழுவும் இடத்தில் நீர் புகாத சாக்கெட்டையே பொருத்துங்கள். ஒவ்வொரு பெரிய சாதனத்தையும் துண்டிக்கும் சுவிட்ச், எண்ணெய்ச் சட்டிக்கு மேலாகக் கையை நீட்டாமல் எட்டும்படி இருக்கட்டும். 3 கிலோவாட் சாதனத்தைப் பல துளை நீட்டிப்புப் பெட்டியில் சொருகாதீர்கள். சிங்கப்பூரின் மின் நிறுவல் நெறிமுறையான எஸ்எஸ் 638-ஐ அறிந்த, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரையே அழையுங்கள். உரிமம் இல்லாதவர் வயரிங்கில் கை வைப்பது சட்டப்படி குற்றம்.

சமையலறையில் வேலை செய்யும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். கிரைண்டரின் உடம்பைத் தொடும்போது விரலில் 'சுருக்'கென்று ஓர் உணர்வு வந்தால், செருப்புப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மீண்டும் தொடாமல் பகிர்வுப் பெட்டியில் அந்த இணைப்பை அணைத்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நிமிடமே முதலாளியிடம் சொல்லுங்கள். அன்றைக்கு மாவை வெளியில் வாங்கிக்கொள்ளலாம்.