பழைய கடன்தானே என்று சம்மனை டிராயரில் போடாதீர்கள்

சென்ற வாரம் மறுபடியும் ஒருவர் எங்கள் சட்ட அலுவலகத்துக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த பெரியவர், 68 வயது, டர்பன் துணி ஆலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடவே மனைவி, மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. முந்தின நாள் கோர்ட் அதிகாரியான ஷெரிப் வந்து டிவி, ஃபிரிட்ஜ், சோபா என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பெரியவர் பேச ஆரம்பிக்கும் முன்னே அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாமி ரூம்ல இருக்கிற குத்துவிளக்கையும் எழுதிட்டாங்கம்மா, அதையும் எடுத்துடுவாங்களா?"

கதையைச் சுருக்கிச் சொல்கிறேன், ஆள் தெரியாமல் இருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன். கிரெடிட் கார்டு எடுத்தது 2014இல். 2017இல் ஸ்டேட்மென்டில் ஜோகன்னஸ்பர்க் கடையொன்றில் 6,200 ரேண்டுக்குப் பொருள் வாங்கியதாக வந்திருக்கிறது. இவர் அந்த மாதம் டர்பனை விட்டு நகரவே இல்லை. வங்கிக் கிளைக்குப் போய்ச் சொன்னார், ஒரு ரெஃபரன்ஸ் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள், பதில் வரவே இல்லை. இவரும் கோபத்தில் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டுவிட்டு, 2018 மார்ச்சிலிருந்து பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். அப்போது மொத்த பாக்கி 9,400 ரேண்ட். (மிச்சம் 3,200 என் செலவுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார், நல்ல மனுஷன்.) வங்கி அந்தக் கடனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் 31,000 ரேண்ட் கேட்டு சம்மன் வந்தது. மருமகள் வாங்கி வைத்தாள், இவர் படித்துப் பார்த்தார், டிராயரில் போட்டார்.

ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "அதான் 2017லயே சொல்லிட்டேனே, என்னோடது இல்லன்னு. அப்புறம் மூணு வருஷம் தாண்டினா கடன் செத்துடும்னு கோயில்ல ஒருத்தர் சொன்னார்."

கோயிலில் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, பாதி சொன்னார். இந்தப் பாதியால்தான் எனக்கு வருடா வருடம் தலைவலி, அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1969ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம்தான் கடனுக்குக் காலாவதி சொல்கிறது. இங்கே எல்லோரும் அதை பிரிஸ்கிரிப்ஷன் என்பார்கள், டாக்டர் சீட்டா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கிரெடிட் கார்டு போன்ற சாதாரணக் கடனுக்கு மூன்று வருடம். கட்ட வேண்டிய நாள் வந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் சம்மன் உங்களிடம் சேர வேண்டும், நடுவில் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டிருக்கவும் கூடாது. அப்படி ஓடி முடிந்தால் கடன் அழிந்தது. சரி, இதுவரை கோயில்காரர் சொன்னது.

அவர் சொல்லாதது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. காலாவதியை நீதிமன்றம் தானாக முன்வந்து கவனிக்கக் கூடாது, அதை எழுப்ப வேண்டியவர் நீங்கள், அதுவும் எழுத்தில், வழக்கின் தாள்களில். நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்தக் கடன் அழிந்தது யாருக்கும் தெரியாது. மாஜிஸ்திரேட்டின் மேசையில் கம்பெனிக்காரன் கொடுத்த தாள் இருக்கிறது, உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றுமில்லை. அவர் என்ன உங்கள் வீட்டு டிராயரையா திறந்து பார்ப்பார்? கடைசியாக எப்போது பணம் கட்டினார் என்று தோண்டிக் கேட்கிற மாஜிஸ்திரேட்டும் உண்டு, ஆனால் அவரை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. 2015 மார்ச் 13 முதல் நேஷனல் கிரெடிட் சட்டத்தில் 126பி என்று ஒரு பிரிவும் இருக்கிறது. காலாவதியான கடனை விற்கக் கூடாது, தெரிந்திருந்தால் நீங்கள் அந்த வாதத்தை எழுப்பியிருப்பீர்கள் என்ற நிலையில் வசூலிக்கவும் கூடாது என்கிறது. நல்ல பிரிவு. ஆனாலும் சட்டம் உங்களுக்காக நடந்து கோர்ட்டுக்குப் போகாது.

"என்னோடது இல்ல" என்பதும் அப்படித்தான். கால் சென்டர் பெண்ணிடம் சொன்னது, கிளையில் சொன்னது, வாட்ஸ்அப்பில் எழுதியது எல்லாம் நாளைக்கு சாட்சியாகப் பயன்படலாம், ஆனால் அவை வழக்குக்குப் பதில் ஆகாது.

பெரியவருக்கு 2021 மார்ச்சிலேயே மூன்று வருடம் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு சென்ட் கட்டவில்லை, ஃபோனில் கேட்டபோதெல்லாம் மறுத்தே வந்திருக்கிறார். சம்மன் வந்தபோது ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் கையில் முழு வாதம் இருந்தது. கொடுக்காததால் அவர் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பான கடனுக்குக் காலாவதி மூன்று வருடம் இல்லை, 30 வருடம். இதைச் சொன்னதும் அவர் விரல் விட்டு எண்ணினார், "அப்போ எனக்கு 98" என்றார். நான் சிரிக்கவில்லை.

31,000 என்ற தொகையையும் யாரும் கேள்வி கேட்கவில்லை பாருங்கள். நேஷனல் கிரெடிட் சட்டம் 103(5)இன்படி, தவணை தவறிய நிலையில் ஏறுகிற வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து, தவறிய நாளில் இருந்த பாக்கியைத் தாண்டக் கூடாது. 9,400க்கு மேல் இன்னொரு 9,400, அவ்வளவுதான், 18,800. கடனே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் 12,200 ரேண்ட் அதிகம்.

சம்மன் வந்தால் என்ன செய்வது? கொடுத்த நாளிலிருந்து 10 கோர்ட் நாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை சேராது. அதற்குள் வழக்கை எதிர்க்கிறேன் என்கிற அறிவிப்பை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்து, கோர்ட் கிளார்க்கிடமும் பதிய வேண்டும். ஒரு பக்கத் தாள்தான், இதில் விளக்கமே வேண்டாம், எதிர்க்கிறேன் என்றால் போதும். அதன் பிறகு எதிர்வுரை, அதாவது வழக்குக்கு உங்கள் முழுப் பதில், அதற்குப் பொதுவாக 20 நாள். காலாவதி, இது என் செலவில்லை, தொகை தவறு, எல்லாம் அங்கே எழுதப்பட வேண்டும். இதையும் தயவுசெய்து நீங்களே இன்டர்நெட்டில் பார்த்து எழுதாதீர்கள், ஒரு வாதத்தை விட்டுவிட்டால் பின்னால் சேர்ப்பது செலவு. எதிர்த்தரப்பைக் கேட்கவும் உங்களுக்கு நிறைய இருக்கிறது: ஒப்பந்தம் எங்கே, ஸ்டேட்மென்டுகள் எங்கே, வங்கி இந்தக் கடனை உங்களுக்கு விற்றதற்கு ஆதாரம் எங்கே? பழைய கடன்களை மூட்டையாக வாங்குகிறவர்களிடம் பல நேரம் இந்தத் தாள் எதுவும் ஒழுங்காக இருப்பதில்லை, ஆனால் யாராவது கேட்டால்தானே அது தெரியவரும்.

சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போடாவிட்டால் அது செல்லாது என்று ஒரு நம்பிக்கை. செல்லும். வீட்டில் இருக்கிற 16 வயது நிரம்பியவர் வாங்கினாலும் செல்லும். வழக்குக்கு முன் கடன் கொடுத்தவர் பதிவுத்தபாலில் அனுப்பும் அறிவிப்புக்காகத் தபாலாபீஸிலிருந்து வரும் சீட்டைக் கிழித்துப் போடுவதும் உதவாது, 2014இலேயே அரசியலமைப்பு நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: சீட்டு சரியான இடத்துக்கு வந்து நீங்கள் போய் வாங்காவிட்டால் அது உங்கள் பொறுப்பு. கார்டு எடுத்தபோது கொடுத்த முகவரியிலிருந்து மாறிவிட்டீர்களா? வங்கிக்கு எழுத்தில் சொல்லுங்கள், இல்லையென்றால் சம்மன் அந்தப் பழைய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டு, உங்களுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும்.

அப்புறம் அந்த 200 ரேண்ட். இதே டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு அக்காவின் கடன் காலாவதியாக இரண்டே மாதம் இருந்தது. ஃபோனில் ஒரு பெண், ரொம்ப இனிமையான குரலாம், "ஆன்ட்டி, நல்லெண்ணத்துக்கு ஒரு 200 மட்டும் போடுங்க, ஃபைலை மூடிடுறோம்" என்றிருக்கிறாள். அக்கா போட்டார். ஃபைல் மூடவில்லை, கடிகாரம்தான் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது, இன்னொரு மூன்று வருடம். பணம் கட்டுவதுகூட வேண்டாம், "கொடுக்கணும்னு தெரியும், இப்ப கையில இல்ல" என்று ஒரு மெசேஜ் அனுப்பினாலே அது ஒப்புதலாகிவிடும். மூன்று வருடம் முடிந்த பிறகு கட்டினாலோ, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, புதிதாக ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கப் பார்ப்பார்கள். இனிமையான குரல் வந்தால், கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, எல்லாம் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி ஃபோனை வையுங்கள். கடனுக்காக ஜெயிலில் போடுவோம் என்று மிரட்டினால் பயப்படவே வேண்டாம், அந்த வழக்கம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1995இலேயே தீர்ப்பாகிவிட்டது. மிரட்டியவர் பெயரையும் நேரத்தையும் மட்டும் குறித்து வையுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா இருக்கிறது, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் சட்ட உதவி மையம் இருக்கிறது. வங்கி மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனுக்கும் எழுதலாம், ஆனால் சம்மன் வந்த பிறகு அங்கே எழுதிப்போட்டுவிட்டு பதிலுக்காகக் காத்திருந்தால் இங்கே பத்து நாள் போய்விடும். யாரிடமாவது போங்கள், எங்களிடம்தான் வர வேண்டும் என்பதில்லை, பத்து நாளுக்குள் போங்கள் அய்யா, அவ்வளவுதான் கேட்கிறேன்.

பெரியவருக்குத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போடுகிறோம். தீர்ப்பு தெரியவந்ததிலிருந்து 20 நாளுக்குள் போட வேண்டும், நல்ல வாதம் இருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதாது, ஏன் அப்போது எதிர்க்கவில்லை என்றும் சத்தியப் பிரமாணத்தில் சொல்ல வேண்டும். டிராயரில் போட்டேன் என்பதை எவ்வளவு அழகாக எழுதினாலும் டிராயரில் போட்டேன் என்றுதான் வருகிறது. நல்லவேளை, பிஸ்கட் டப்பாவில் 2017இன் ரெஃபரன்ஸ் நம்பர் சீட்டு இருந்தது, ஓரம் மஞ்சளாகி, தேதி முத்திரையோடு. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது என்று அவர் நம்பினார், அதுதான் எங்கள் பிடி. கூடவே, மனு முடியும்வரை பொருள்களைத் தூக்காமல் இருக்கவும் கேட்கிறோம். குத்துவிளக்கைப் பற்றி அந்த அம்மாவுக்கு நான் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அலுவலகத்தை விட்டுப் போகும்போது, எங்கள் சுவரில் மாட்டியிருந்த கோயில் காலண்டரில் அந்த 20 நாளையும் அந்த அம்மாவே பென்சிலால் எண்ணிப் புள்ளி வைத்துவிட்டுப் போனார்.