பாப்கார்ன் வாயில் கரையாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது குழந்தை. வயது 20 மாதம். மூன்று வாரமாக இளைப்பு. இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், நெபுலைசர் எல்லாம் ஆகிவிட்டது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று எழுதிய தாளும் கையில் இருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் வலப்பக்கம் மூச்சு குறைவாக வருகிறது.

"இருமல் ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன சாப்பிட்டுட்டு இருந்தான்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் இல்லையே டாக்டர். பாப்கார்ன்தான். அது மெத்துனுதானே இருக்கும்?"

இந்தத் 'தானே'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்த அம்மாவிடம் கோபப்பட முடியாது, மூன்று வாரமாகத் தூங்காத முகம் அது. அதனால் கோபத்தை இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

நான் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். குழந்தையின் மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்ததை, மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே விட்டு எடுப்பது என் வேலைகளில் ஒன்று. வேர்க்கடலை என்றால் பெற்றோருக்கே கொஞ்சம் பயம் இருக்கிறது. பொத்தான் பேட்டரி பற்றியும் இப்போது பலருக்குத் தெரிகிறது. பாப்கார்னை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. பஞ்சு மாதிரி இருக்கிறது, கையில் கனமே இல்லை, நாக்கில் வைத்தால் கரைந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

கரைவது பாதிதான். பாப்கார்னில் இரண்டு பொருள் இருக்கிறது. வெள்ளையாகப் பூத்திருப்பது மாவுச்சத்து. அது எச்சிலில் நனைந்து சுருங்கிவிடும், உண்மைதான். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, மஞ்சளாகவோ பழுப்பாகவோ செதில் போல நிற்கிறதே, அது சோளமணியின் மேல்தோல். அந்தத் தோல் என்ன வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல பாப்கார்ன் மணிக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்கும். சூடு 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாக மாறி வெளியே வரத் துடிக்கிறது. தோல் விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெடிக்கிற நொடியில் உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. அதுவரை தாங்கி நின்ற தோல், உங்கள் பிள்ளையின் எச்சிலுக்குக் கரையுமா? தொண்டையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு, பெரியவர்களான நாமே அரை நாள் செருமிக்கொண்டு திரிந்ததில்லையா? பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே போனதைக் குச்சியால் நோண்டியதில்லையா? அதே செதில்தான். கரைந்திருந்தால் ஏன் நோண்டினோம்?

'தோலில்லாத பாப்கார்ன்' என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே என்று போன வாரம் ஒரு அப்பா கேட்டார். தோல் இல்லாவிட்டால் சோளம் பொரியவே பொரியாது ஐயா. அந்த ரகங்களில் தோல் மெல்லியதாக இருக்கும், வெடிக்கும்போது சின்னச் சின்னதாகச் சிதறும். சாப்பிட நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். குழந்தைக்கு அதனால் ஆபத்து போய்விடாது.

அந்தக் குழந்தைக்கு மறுநாள் காலை பிராங்கோஸ்கோபி செய்தோம். வலது மூச்சுக்குழாயில், சுவரோடு படிந்து, சுற்றிலும் சளியும் வீக்கமுமாக ஒரு செதில். அதோடு ஊறிப்போன பொரியின் மிச்சம். கடினமான பொருள் என்றால் இடுக்கியால் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். இது தொட்டால் பிய்கிறது. மூன்று தடவை உள்ளே போய் மூன்று துண்டாக எடுத்தோம். மயக்கவியல் மருத்துவர் ஒரு பக்கம் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே என்னை முறைக்கிறார். குழந்தை மூச்சு விடுகிற வழியும் நான் வேலை செய்கிற வழியும் ஒன்றே அல்லவா? எடுத்ததைச் சின்னப் புட்டியில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "இதுவா?" என்றார். குழந்தையின் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. நாணயமும் ஆணியும் எக்ஸ்ரேயில் தெரியும். சோளமும் கடலையும் தெரியாது. அடைபட்ட பக்கத்தில் காற்று தேங்கியிருந்தால் அதை வைத்து ஊகிக்கலாம், சில நேரம் அதுவும் இருக்காது. ஆகவே படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகிவிடாதீர்கள். சாப்பிடும்போது புரை ஏறியது, அதன் பிறகு இருமல் வந்தது என்றால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புரை ஏறிச் சிவந்துபோய் இருமிய பிள்ளை, சில நிமிடத்தில் அமைதியாகி விளையாடப் போய்விடும். பொருள் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அது கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. 'பாப்கார்ன் நுரையீரல்' என்று ஒரு செய்தி கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, பாப்கார்ன் தின்றால் புற்றுநோயா என்றெல்லாம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலையில் முன்பு வேலை பார்த்த 8 பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபடும் நோய் இருந்தது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அந்த நோய்க்குத்தான் இந்தப் பெயர். வெண்ணெய் மணத்துக்குச் சேர்க்கும் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருளின் ஆவியைத் தினமும் சுவாசித்த தொழிலாளர்கள் அவர்கள். வீட்டில் எப்போதாவது ஒரு கிண்ணம் பொரித்துச் சாப்பிடுகிறவர் அதை நினைத்து நடுங்கத் தேவையில்லை. நடுங்க வேண்டியது மடியில் உட்கார்ந்து 'எனக்கு' என்று கை நீட்டுகிற ஒன்றரை வயதைப் பார்த்து.

அப்படியானால் வீட்டில் செய்யவே கூடாதா? நான் செய்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த நொறுக்குத் தீனி அதுதான். எப்படிச் செய்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். அரைகுறையாகப் பொரிந்த மணிகள் கிண்ணத்தில் கிடப்பதும், தரையில் சிந்துவதும் பெரும்பாலும் அவசர அடுப்பால்தான்.

அடி கனமான, மூடி உள்ள பாத்திரம். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய்க்கு அரைக் கோப்பை சோளம் போதும், அதுவே பாத்திரத்தை நிறைத்துவிடும். வெண்ணெயில் பொரிக்காதீர்கள், சோளம் வெடிக்கும் சூட்டுக்கு முன்பே கருகிவிடும். வேண்டுமானால் கடைசியில் உருக்கி ஊற்றுங்கள். எண்ணெயில் மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடி, மிதமான தீயில் வையுங்கள். மூன்றும் வெடித்ததும் அவற்றை எடுத்துவிட்டு மிச்சச் சோளத்தைப் போட்டு, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வையுங்கள். எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றினால் ஏறக்குறைய ஒன்றாக வெடிக்கும். அடியில் கிடப்பது குறையும். மூடியை மயிரிழை திறந்து வைத்தால் ஆவி வெளியே போகும், பொரி ரப்பர் மாதிரி ஆகாது. அந்த இடுக்கு உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். மைக்ரோவேவ் பையைப் பிரிக்கும்போதும் அப்படியே, ஆவி சுடும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று நொடி இடைவெளி விழுந்தால் அடுப்பை அணையுங்கள்.

பலரும் விட்டுவிடுகிற வேலை அதன் பிறகு வருகிறது. பெரிய ஓட்டை உள்ள சல்லடையில் கொட்டி இரண்டு குலுக்குக் குலுக்குங்கள். வெடிக்காத மணியும் உதிர்ந்த செதிலும் கீழே போய்விடும். உப்பை அதற்குப் பிறகு, பொடியாக இடித்துத் தூவுங்கள். வெடிக்காத மணிகளைக் கடித்துப் பார்த்துக் கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டவர்கள் என் பக்கத்து அறைப் பல் மருத்துவரிடம் தவறாமல் வருகிறார்கள். பழைய சோளம் பாதிக்கு மேல் வெடிக்கவில்லை என்றால் ஈரம் போய்விட்டது. ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, இறுக மூடிய புட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்து அவ்வப்போது குலுக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இன்னும் காயும்.

இவ்வளவு அழகாகச் செய்ததை நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றே ஒன்றுகூட வேண்டாம். வெள்ளைப் பகுதியை மட்டும் பிய்த்துக் கொடுக்கிறேன் என்ற சாமர்த்தியமும் வேண்டாம். முன்பல் கடிக்கும், அரைப்பது கடைவாய்ப் பல். இரண்டாவது கடைவாய்ப் பல் வரவே இரண்டு, இரண்டரை வயதாகிறது. அது வந்த பிறகும் மென்று, பொறுத்து விழுங்கப் பழகக் கொஞ்ச காலம் ஆகும். நான்கு தாண்டிய பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஓடிக்கொண்டு, படுத்துக்கொண்டு, வாய் நிறையப் போட்டுச் சிரித்துக்கொண்டு சாப்பிட வேண்டாம்.

"நான் குடுக்கவே இல்லை டாக்டர்" என்று சத்தியம் செய்கிற வீடுகளும் உண்டு. நம்புகிறேன். இந்த மாத முதல் குழந்தைக்கு யாரும் கொடுக்கவில்லை. முந்தின இரவு பெரியவர்கள் படம் பார்த்தார்கள். காலையில் தவழ்ந்து போன பிள்ளைக்குச் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. இரண்டாவது குழந்தைக்கு ஊட்டிவிட்டது ஐந்து வயது அக்கா, பாசத்தில். ஆகவே சாப்பிட்டு முடித்ததும் தரையைப் பெருக்குங்கள், சோபா இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். பெரிய பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அதட்டினால் ஒளித்துக் கொடுக்கும்.

புரை ஏறிவிட்டால்? சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் இருமவிடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். தண்ணீரும் வேண்டாம். சத்தமே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால், குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். போகாவிட்டால் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தக்கூடாது, நெஞ்சின் நடுவில் 5 முறை. மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். நினைவு தப்பினால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி வாய் வழியே மூச்சு ஊதும் முதலுதவி. இதைப் படித்துவிட்டுத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். தயவுசெய்து ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்து ஒரு தடவையாவது செய்து பழகுங்கள்.

இன்னொன்று, பொரிக்காத சோளம். அது மூக்குக்கும் காதுக்கும் அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது. டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். காதுக்குள் போட்டுக்கொண்டுவிட்டால் ஹேர்பின், பஞ்சுக்குச்சி எதையும் எடுக்காதீர்கள். தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள், தண்ணீரில் அது ஊறிப் பெருத்துவிடும். அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள்.