பப்ளிக்கில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாமா?

நான் வேலை பார்க்கும் செய்தித் தளத்தில் நைட் ஷிஃப்ட். மணி பதினொன்றரை இருக்கும். ஃபேஸ்புக்கில் ஒரு பெண், தன் பழைய அலுவலகத்தில் மேலதிகாரி தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இருக்க மாட்டார்கள், ஆனால் பதிவு ‘பப்ளிக்’கில் இருந்தது, யாரோ ஒரு பிரபலம் பகிர்ந்துவிட்டதால் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. “எடுத்துப் போட்டுடு” என்றார் ஷிஃப்ட் பொறுப்பில் இருந்தவர். போட்டேன். ஸ்கிரீன்ஷாட், நாலு பத்தி, கொஞ்சம் காரமான தலைப்பு. பன்னிரண்டு நிமிட வேலை. காலையில் எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட செய்தி அதுதான்.

மதியம் அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. விடிவதற்குள்ளேயே தன் பதிவை அவர் நீக்கிவிட்டிருந்தார். “வீட்டுல யாருக்கும் இது தெரியாது. கூட வேலை பார்த்தவங்க படிக்கணும்னுதான் எழுதினேன். உங்க ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துடுங்க ப்ளீஸ்.” எடுத்தோம், சாயங்காலம். அதற்குள் எங்களைப் பார்த்து இன்னும் ஏழெட்டு தளங்கள் அதே படத்தைப் போட்டிருந்தன, அவற்றுக்கெல்லாம் அவர் தனித்தனியாக எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் யாருக்கும் இது தப்பாகவே படவில்லை. பப்ளிக்கில் போட்டதுதானே என்றார்கள். அந்த மெசேஜ் வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சுப் பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் இப்படி நடந்திருக்க வழியில்லை. ஒரு நிருபர் அந்தப் பெண்ணை நேரில் பார்த்திருப்பார், எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று பேசியிருப்பார்கள், எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்டிருப்போம், நியூஸ் எடிட்டர் நாலு கேள்வி கேட்டிருப்பார், வக்கீல் இன்னும் நாலு. உடனே அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாலு கேள்விகளிலேயே பெண்களின் புகார்கள் பெரும்பாலும் செத்துப்போகும். “இது அவங்க ஆபீஸ் விவகாரம்”, “ஆதாரம் இருக்கா”, “இன்னிக்கு இடம் இல்லை”. உலகம் முழுக்கச் செய்திகளை ஒரே நாளில் எடுத்து எண்ணிப் பார்க்கும் குளோபல் மீடியா மானிட்டரிங் ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. செய்திகளில் பேசப்படுபவர்களிலும் பேசுபவர்களிலும் பெண்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். 1995இல் 17 சதவீதம், 2020இல் 25. கால் நூற்றாண்டில் எட்டு புள்ளி.

பெண்களுக்கு மூடியே கிடந்த அந்தக் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறந்தது சமூக ஊடகம்தான், அதில் சந்தேகமில்லை. பிரிட்டனில் ‘தி சன்’ நாளிதழ் 1970இலிருந்து மூன்றாம் பக்கத்தில் மேலாடையில்லாத பெண் படம் போட்டுவந்தது. 1986இல் கிளேர் ஷார்ட் என்ற பெண் எம்.பி. அதைத் தடுக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், அவைக்குள்ளேயே சிரித்தார்கள், அந்தப் பத்திரிகை அவரைப் பல வருடம் விடாமல் கேலி செய்தது. 2012இல் லூசி-ஆன் ஹோம்ஸ் ஒரு இணைய மனுவைத் தொடங்கினார். கோரிக்கை சின்னது, சட்டம் வேண்டாம், தடை வேண்டாம், நீங்களாக நிறுத்துங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது, 2015 ஜனவரியில் அந்தப் படங்கள் நின்றன. ஒரு எம்.பி.யால் முடியாததை மனு சாதித்தது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்தான், ஆனால் அந்த மனு ஓடிய இரண்டரை வருடமும் மற்ற பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தன என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பெண்கள் கொல்லப்படுவதற்கு எதிரான அர்ஜென்டினாவின் ‘நி ஊனா மேனோஸ்’ இயக்கம் இன்னும் சுவாரசியம். ‘இனி ஒருத்தியைக்கூட இழக்க மாட்டோம்’ என்று பொருள் சொல்லலாம். 2015 மே மாதம், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, மார்செலா ஓஹேதா என்ற வானொலி நிருபர் ட்விட்டரில் கொதித்துப்போய்க் கேட்டார்: நம்மைக் கொல்கிறார்கள், நாம் எதுவுமே செய்யப்போவதில்லையா? சக பெண் பத்திரிகையாளர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்துகொண்டார்கள், ஜூன் 3ஆம் தேதி புவனோஸ் ஐரஸில் பெருங்கூட்டம் திரண்டது. இதைத் தொடங்கியவர்கள் ஊடகத்துக்கு வெளியே இருந்தவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நியூஸ் ரூமுக்குள் தங்கள் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்று தெரிந்தவர்கள், எடிட்டரிடம் கேட்காமல் நேராக வாசகரிடம் பேசினார்கள்.

மீ டூ எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் வரிசையை நிறையப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். அமெரிக்கச் செயற்பாட்டாளர் தரானா பர்க் அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தத் தொடங்கியது 2006இல். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் பாலியல் அத்துமீறல்கள் பற்றி ஜோடி கான்டரும் மேகன் டூஹியும் எழுதிய புலனாய்வுச் செய்தி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வந்தது 2017 அக்டோபர் 5. பாதிக்கப்பட்டவர்கள் ‘மீ டூ’ என்று எழுதுங்கள் என்ற நடிகை அலிஸா மிலானோவின் ட்வீட் அக்டோபர் 15. அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக்கில் மட்டும் 47 லட்சம் பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. ஆக, ஹேஷ்டேக் வெடிப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு செய்தி இருந்தது, அந்தச் செய்திக்குப் பின்னால் மாதக்கணக்கில் நடந்த போன் கால்கள் இருந்தன. பேசத் தயங்கிய பெண்களைத் தேடிப் போய், மறுத்தவர்களிடம் மறுபடி போய், பழைய ஒப்பந்தங்களைத் தோண்டி, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வைத்து எழுதியது. வழக்கு வந்தால் நிற்பதற்கு ஒரு நிறுவனமும் வக்கீல்களும் பின்னால் இருந்தார்கள்.

ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) எழுதும் பெண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் பிரியா ரமணி, அப்போது மத்திய இணை அமைச்சராக இருந்த முன்னாள் பத்திரிகை ஆசிரியர் எம். ஜே. அக்பரின் பெயரை, மீ டூ குற்றச்சாட்டாகத் தன் ட்வீட்டில் எழுதினார். அக்பர் மறுத்தார், ரமணி மேல் கிரிமினல் அவதூறு வழக்குப் போட்டார், பதவியும் விலகினார். 2021 பிப்ரவரி 17இல் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல வருடம் கழித்தும், தனக்குப் பிடித்த எந்த மேடையிலும், ஒரு பெண் தன் குறையைச் சொல்ல உரிமை உண்டு என்றது தீர்ப்பு. அக்பர் மேல்முறையீட்டுக்குப் போனார். நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒரு ட்வீட்டுக்காக இரண்டு வருடத்துக்கும் மேல் கோர்ட்டுக்கு அலைந்தது ரமணி. அவர் எழுதியதை அன்றைக்குத் தலைப்பாகப் போட்டு டிராஃபிக் பார்த்த தளங்கள் எதுவும் அவருக்குப் பக்கத்தில் கூண்டில் ஏறி நிற்கவில்லை.

தமிழில் செய்தி எழுதும் மொழி மாறியதற்கும் வாசகர்களின் இந்தப் புதிய பலம் ஒரு காரணம். ‘கற்பழிப்பு’ என்ற சொல்லை நானே எத்தனை தலைப்பில் வைத்திருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. குற்றம் செய்தது ஒருவன், அழிந்ததாகச் சொல்வது அவளுடைய கற்பை. ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுங்கள் எனப் பெண்கள் இயக்கங்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்கில் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: ஒரே ஒரு பத்தி அகலத் தலைப்பில் அது அடங்காது. (அடங்காது என்பது நிஜம்தான். இடம் போதவில்லை என்று எத்தனை அநியாயங்களை நியாயப்படுத்தியிருக்கிறோம்!) அப்புறம் இந்த ‘உல்லாசம்’, ‘அழகிகள் கைது’, ‘கள்ளக்காதல்’ எல்லாம். அந்த நாளில் ஒரு வாசகி கோபப்பட்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார், அதைப் பிரசுரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தத் தலைப்பை வைத்த அதே ஆட்கள். இப்போது தலைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிவப்பில் வட்டம் போட்டு, பத்திரிகையை டேக் செய்து போட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் தலைப்பு மாறிவிடும்.

சத்தமில்லாமல் மாறும் என்பதுதான் இதில் கோளாறு. “முதலில் இப்படிப் போட்டிருந்தோம், தவறு, திருத்திவிட்டோம்” என்று அடியில் ஒரு வரி சேர்க்க யாருக்கும் மனசு வராது. லிங்க்கை நன்றாகப் பாருங்கள், பழைய தலைப்பின் வார்த்தைகள் ஆங்கில எழுத்தில் அப்படியே அதில் உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பியவர்களிடம் பழைய தலைப்பும் படமும்தான் சுற்றிக்கொண்டிருக்கும். திருத்திவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

எங்கள் டெஸ்கில் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் ஓடும். அச்சில் ஒரு செய்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் சில நல்ல செய்திகள் பிழைத்துக்கொண்டன என்று இப்போது தோன்றுகிறது. ஒரே வேலைக்குப் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதைப் பற்றி எழுதினால் அந்தத் திரையில் அது அடியிலேயே கிடக்கும், ஒரு கொலையில் செத்துப்போன பெண்ணின் புரொஃபைல் படத்தைப் போட்டால் உச்சியில் நிற்கும். ஃபேஸ்புக் 2017இல் ஒரு லைக்கைவிடக் கோபமுகம் மாதிரியான எமோஜிகளுக்கு ஐந்து மடங்கு எடை கொடுத்தது என்பது 2021இல் வெளியே வந்த அதன் உள் ஆவணங்களில் தெரிந்தது. பெண்ணுரிமை பற்றிய செய்திக்குக் கீழே சண்டை மூள்வது எங்கள் திரைக்கு நல்லது, அவர்களுடைய விளம்பரக் கணக்குக்கும் நல்லது. சண்டையில் அடி வாங்குவது அந்தச் செய்தியை எழுதிய பெண்.

மிகைப்படுத்தவில்லை. ‘கார்டியன்’ 2016இல் தன் தளத்தில் வந்திருந்த 7 கோடி கமெண்ட்டுகளை அலசிப் பார்த்தபோது, அதிகம் வசைபாடப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டு பேர் பெண்கள், மீதி இருவர் கறுப்பின ஆண்கள். யுனெஸ்கோவும் சர்வதேசப் பத்திரிகையாளர் மையமும் 2020இல் நடத்திய ஆய்வில் பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் இணையத்தில் தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக நிஜ வாழ்க்கையிலும் தாக்குதல் வந்தது என்றவர்கள் 20 சதவீதம். கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டுரைக்காகக் கொலைமிரட்டல் வந்தபோது நிர்வாகம் சொன்ன யோசனை: கொஞ்ச நாள் சோஷியல் மீடியா பக்கம் போகாதீர்கள். எழுதியதை எல்லாம் சொந்தக் கணக்கில் பகிரவேண்டும், எத்தனை ஷேர் என்று வருட மதிப்பீட்டில் பார்ப்போம் என்று சொன்னதும் அதே நிர்வாகம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சமூக ஊடகத்தில் எழுதும் பெண்களுக்கு, டெஸ்க் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். பதிவு போடுவதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் மெசேஜ், மெயில், கால் லாக் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி எடுத்து, போனில் மட்டும் இல்லாமல் வேறு இடத்திலும் வைத்துவிடுங்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும் பதவி, வருடம், கிளை மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அவரை மட்டுமில்லை, உங்களையும். நிருபர் அழைத்தால் எது அச்சில் வரும், எது வராது என்று பேசுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசி முடித்தபிறகு ‘இதைப் போடாதீங்க’ என்று சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று நம்பாதீர்கள்.

அவர்களுக்கு ஆதரவாகப் பகிர்பவர்களுக்கும் ஒன்று. இந்தியாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு பத்திரிகைகளை மட்டும் சொல்லவில்லை, அச்சிடும் அல்லது வெளியிடும் யாரையும் சொல்கிறது. நீதி கேட்டு அந்தப் பெண்ணின் படத்தை டிபியாக வைப்பவரும் வெளியிடுகிறவர்தான். முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊர், தெரு, அப்பா பெயரைப் போடும் பத்திரிகைகளைப் பற்றி என்ன சொல்ல. ஒருவர் ஊரைப் போடுவார், ஒருவர் பள்ளியைப் போடுவார், கமெண்ட்டில் ஒருவர் மிச்சத்தைச் சேர்த்துவிடுவார். இந்த மாதிரிச் செய்திகளுக்குக் கமெண்ட்டை மூடிவைப்பது ஐந்து விநாடி வேலை.

எங்கள் ஆட்களுக்கு: ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எம்பெட் செய்யுங்கள், அதாவது மூலப் பதிவையே நம் பக்கத்தில் இணைத்துக் காட்டுங்கள், அவர் நீக்கினால் பொதுவாக நம் பக்கத்திலிருந்தும் போய்விடும். அதற்கும் முன்னால் அவரைக் கூப்பிடுங்கள். லட்சம் பேர் பின்தொடரும் அரசியல்வாதிக்கு இது தேவையில்லை, இருநூறு பேருக்கு எழுதிய பெண்ணுக்குத் தேவை. இதை நான் என் டீமில் விதியாகவே வைத்திருக்கிறேன், கூப்பிட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் ஒருவர் “ஒரு மணி நேரம் கொடுங்க மேடம், யோசிச்சுச் சொல்றேன்” என்றார். காத்திருந்தோம். பத்தாவது நிமிடம் இன்னொரு தளம் அவர் பதிவை ஸ்கிரீன்ஷாட்டோடு போட்டுவிட்டது, எங்கள் எடிட்டர் என் மேஜைக்கு வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டு, வேண்டாம் என்றார்.