நியூக்ளியர் செக்யூரிட்டி ஃபோர்ஸ்: தமிழ்ல என்னங்க எழுதறது?

ஒரு நாட்டோட அணு உலை, அணு எரிபொருள், அணு ஆயுதம் இதையெல்லாம் வெளியாளு கை வைக்காம துப்பாக்கியோட நின்னு காக்கறாங்களே, அவங்களுக்கு இங்கிலீஷ்ல நியூக்ளியர் செக்யூரிட்டி ஃபோர்ஸ்னு பேருங்க. நம்ம பேப்பர்ல டிவில எல்லாம் அத அப்புடியே அணுசக்தி பாதுகாப்புப் படைன்னு போட்டுடறாங்க. அதுல அணுவும் சரி, படையும் சரி, நடுவுல உக்காந்திருக்கற பாதுகாப்புங்கற வார்த்தைதான் பொருந்தல.

திருப்பூரு, கோயமுத்தூரு, பல்லடம் பக்கம் மில்லுல வேலை பாத்தவங்களுக்கு இத சொல்லவே வேண்டியதில்ல, கேட்டுல நின்னு பையப் பாத்து உள்ள விடறவரு செக்யூரிட்டி, மெஷின்ல கை மாட்டாம தடுப்பு மூடி போட்டிருக்கா, பஞ்சு குடோன்ல தீயணைக்கற சாமான் இருக்கான்னு பாக்கறவரு சேஃப்டி ஆபீசரு, ரெண்டு பேரையும் யாரும் மாத்திக் கூப்புட மாட்டாங்க. தமிழ்ல எழுத உக்காந்தா மட்டும் ரெண்டும் பாதுகாப்பு ஆயிருது. ஃபேக்டரிய வந்து இன்ஸ்பெக்ஷன் பண்ற மாநில அரசுத் துறை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், துப்பாக்கி புடிச்சு நிக்கற சிஐஎஸ்எஃப் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை. அதுக்கு மேல டிஃபென்ஸ் மினிஸ்ட்ரியும் பாதுகாப்பு அமைச்சகம்னா படிக்கறவங்க எத எதுன்னு எடுத்துக்குவாங்க?

செக்யூரிட்டிக்கு மூலம் லத்தீன்ல செக்யூரஸ். செ-ன்னா இல்லாம, கூரா-ன்னா கவலை, ஆக கவலையில்லாம இருக்கறது. சேஃப்டி வந்தது சால்வஸ்ங்கற சொல்லுல இருந்து, அதுக்கு சேதமில்லாம முழுசா இருக்கறதுன்னு அர்த்தம். அணு விஷயத்துல இந்த வித்தியாசம் ரொம்ப பெருசுங்க. 2011ல ஜப்பான்ல ஃபுகுஷிமா உலை உருகுச்சே, அங்க எவனும் வேலி தாண்டி உள்ள போகல, சுனாமித் தண்ணி வந்து ஜெனரேட்டரெல்லாம் நின்னு போயி உலைய குளிர வைக்க முடியல, அது சேஃப்டி. அடுத்த வருசமே 2012 ஜூலைல அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல ஓக் ரிட்ஜ்ல, ஆயுதத்துக்கான யுரேனியம் வச்சிருக்கற ஒய்-12 வளாகத்துக்குள்ள மூணு பேரு ராத்திரில வேலிய வெட்டிட்டு அந்த யுரேனியக் கட்டடத்து செவுரு வரைக்கும் போயிட்டாங்க, அதுல ஒருத்தர் 82 வயசு கன்னியாஸ்திரி மேகன் ரைஸ். அணு ஆயுதம் வேண்டாம்னு போராட வந்தவங்கதான், ஆனா வேற எண்ணத்தோட ஒருத்தன் வந்திருந்தா? அங்க உலையும் வெடிக்கல கதிர்வீச்சும் கசியல, தோத்தது செக்யூரிட்டி. கூடங்குளம் பாதுகாப்பா இருக்கான்னு ஒருத்தர் கேட்டா அதுல ரெண்டு கேள்வி இருக்கு, ஒண்ணுக்கு பதில் சொல்லிட்டு ரெண்டுக்கும் சொன்ன மாதிரி போயிடக் கூடாது, அதுக்காகத்தான் இவ்வளவு சொல்றேன்.

அப்ப செக்யூரிட்டிக்கு என்ன போடலாம்னா காவல்னு போடுங்க. கா-ங்கறதுதான் வேரு, காத்தல், காப்பு, காவல், காவலர் எல்லாம் அதுல இருந்து வந்ததுதான். நம்ம ஊர்ல பட்டிக் காவல், காட்டுக் காவல், ஊர்க்காவல்னு எங்க சொன்னாலும் ஆளு நின்னு, கண்ணு முழிச்சு, வரவங்கள தடுக்கறதுங்கற அர்த்தம்தான் வரும், போலீஸுக்கே காவல்துறைன்னுதான பேரு. சேஃப்டிக்கு பாதுகாப்ப விட்டுடலாம்.

நியூக்ளியருக்கு மூலம் நியூக்ளியஸ், லத்தீன்ல கொட்டைக்குள்ள இருக்கற பருப்பு, காங்கேயம் களத்துல காயற தேங்காப் பருப்பு மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கறது. கண்டிப்பா பாத்தா அணுக்கருன்னுதான் எழுதோணும், அணுங்கறது ஆட்டம், அதுக்குள்ள இருக்கறது கரு. ஆனா அணு உலை, அணு ஆயுதம், அணுகுண்டு எல்லாம் பழகிப் போச்சு, அத மாத்தச் சொல்ல மாட்டேன், பாடப் புத்தகத்துல அணுக்கரு இருக்கட்டும், பேச்சுல அணு போதும். படைக்கு பழைய தமிழ்ல ஆயுதம்னும் அர்த்தம் உண்டு, சேனைன்னும் உண்டு. சண்டைக்கே போகாம ஒரு பொருள காத்து நிக்கறவங்கள படைங்கலாமான்னா தாராளமா சொல்லலாம். சோழர் காலத்து வேளைக்காரப் படை ஈழத்துல பொலன்னறுவைல புத்தரோட பல்லு வச்சிருந்த கோயிலக் காக்கற பொறுப்ப ஏத்துக்கிட்டத தமிழ்க் கல்வெட்டே சொல்லுது.

ஆக அணுக் காவல் படை, ஆயுதத்துக்குன்னு தனியா இருந்தா அணு ஆயுதக் காவல் படை. அணு ஆயுதப் படைன்னு சுருக்கிடாதீங்க, அது ஆயுதத்த ஏவறவங்களுக்குத்தான் பொருந்தும், நம்ம நாட்டுல 2003 ஜனவரில அமைச்ச ஸ்ட்ராட்டஜிக் ஃபோர்சஸ் கமாண்ட் மாதிரி. பல நாட்டுல இதெல்லாம் தனித்தனி ஆளுங்க கையிலதான் இருக்கு. பிரிட்டன்ல மின்சாரம் எடுக்கற உலைக்கும் எரிபொருளுக்கும் சிவில் நியூக்ளியர் கான்ஸ்டாபுலரின்னு 2005ல ஆரம்பிச்ச ஆயுதப் போலீசு, ஸ்காட்லாந்து ஃபாஸ்லேன்ல இருக்கற அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பலுக்கு ராயல் மரீன்ஸ். கான்ஸ்டபிள்ங்கற சொல்லுக்கே லாயத்து அதிகாரின்னுதான் மூல அர்த்தம், அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போறவங்க இத ரசிப்பீங்க. ரஷ்யால ராணுவ அமைச்சகத்துலயே 12வது தலைமை இயக்குநரகம், பாகிஸ்தான்ல ஸ்ட்ராட்டஜிக் பிளான்ஸ் டிவிஷனுக்குக் கீழ அதுக்குன்னே ஒரு படை.

இந்தியால கல்பாக்கம், கூடங்குளம் ரெண்டுலயும் நிக்கறது சிஐஎஸ்எஃப். 1968 சட்டத்துல வந்து 1969 மார்ச் 10ல தொடங்குன படை, கோயமுத்தூர் ஏர்போர்ட்ல நம்ம பைய செக் பண்றதும் அவங்கதான். துடியலூர் பக்கம் குருடம்பாளையத்துல இருக்கறது சிஆர்பிஎஃப் டிரெய்னிங் காலேஜு, அது ரிசர்வ் போலீசு, அத இதோட சேத்துக்காதீங்க. சிஐஎஸ்எஃப் டிரெய்னிங் சென்டரு அரக்கோணம் பக்கத்துல தக்கோலத்துல இருக்கு, 949ல அங்க நடந்த போர்ல யானை மேல இருந்தே செத்த ராசாதித்த சோழன் பேர 2025ல அதுக்கு வச்சாங்க. உலை சரியா ஓடுதான்னு பாக்கறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட வேலை, 1983ல வந்தது, அது பாதுகாப்பு.

2019ல கூடங்குளம் ஆபீஸ் நெட்வொர்க்ல ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர் பூந்தத அக்டோபர் 30ஆம் தேதி, உலைய நடத்தற அரசு நிறுவனம் என்பிசிஐஎல்-லே ஒத்துக்கிச்சு, உலைய ஓட்டற சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகலைன்னும் சொன்னாங்க. கேட்டுல எத்தன பேரு நின்னாலும் அத தடுத்திருக்க முடியாது. அதுக்கும் காவல்ங்கற சொல்லு நீளும், கணினிக் காவல்னு எழுதலாம்.

எரிபொருள ரோட்ல கொண்டு போறப்ப கூட வர்ற துணைக்கும் தனியா ஒரு சொல்லு வேணும். எஸ்கார்ட்டுன்னு இப்ப சொல்றோம், வழிக்காவல்னு வச்சுக்கலாங்க, சுண்டக்காமுத்தூர் பக்கம் ராசகேசரிப் பெருவழிங்கற பழைய நெடுஞ்சாலையோட கல்வெட்டு இன்னும் நிக்கற ஊர்க்காரங்களுக்கு இந்தச் சொல்லு சட்டுனு வாயில வந்துரும்.