நார்மல் என்றால் செங்கோடு: வீட்டு வரைவு மென்பொருளில் கறுக்கும் சுவரும் காணாமல் போகும் சுவரும்

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஒரு வீட்டை வரைந்து, சுவர்களுக்கு நிறம் கொடுத்து, ரெண்டர் போட்டு, அதாவது வெளிச்சம் நிழலோடு படமாக்கிப் பார்த்தால் ஹாலில் ஒரு சுவர் மட்டும் கன்னங்கரேலென்று நிற்கிறது. வேறொரு மென்பொருளுக்கு அதே வீட்டை அனுப்பினால் ஒரு சுவர் காணாமலே போய், அதன் வழியே சமையலறை தெரிகிறது. விவரம் தெரிந்தவரிடம் கேட்டால் "நார்மல் திரும்பியிருக்கு, ஃப்ளிப் பண்ணுங்க" என்பார். பண்ணினால் சரியாகிவிடும். ஆனால் எது திரும்பியிருந்தது, ஏன் திரும்பியது என்று தெரியாததால் அடுத்த வீட்டிலும் அதே தொல்லை வரும். வீட்டு வரைவில் வரும் பல கோளாறுகளுக்கு இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்வதே பாதி மருந்து.

நார்மல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நார்மல் டெலிவரி, சுகர் நார்மல், நிலைமை நார்மல். அந்தப் பழக்கத்தில் மென்பொருள் சொல்லையும் ‘இயல்பு’, ‘வழக்கமான’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ‘இயல்பைத் திருப்பு’ என்று எழுதியிருந்தால் யாருக்கு என்ன புரியும்? இங்கே நார்மல் என்பது ஒரு திசை. ஒரு பரப்பின் மீது அதற்குச் சரியாகச் செங்கோணத்தில் ஓர் அம்பை நட்டால், அந்த அம்பு காட்டும் திசைதான் நார்மல். தரையின் நார்மல் மேலே பார்க்கும், உட்கூரையின் நார்மல் கீழே பார்க்கும், வெளிச்சுவரின் நார்மல் தெருவைப் பார்க்கும்.

சொல்லின் பிறப்பும் வீடு கட்டும் இடத்தில்தான். லத்தீனில் ‘நோர்மா’ என்றால் தச்சரும் கொத்தரும் வைத்திருக்கும் மூலைமட்டம். அந்த மட்டத்துக்குச் சரியாக, செங்கோணத்தில் இருப்பது ‘நோர்மாலிஸ்’. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், 3 அடி, 4 அடி, 5 அடி நீளமுள்ள மூன்று கோல்களை முனையோடு முனை சேர்த்தால் பிசகில்லாத மூலைமட்டம் கிடைக்கும் என்று எழுதி, அந்தப் பெருமையைப் பித்தகோரசுக்குக் கொடுத்தார். நம் ஊரில் மனையில் நூல் கட்டி மூலை பிடிக்கிற கொத்தனாரும் இன்றைக்கு அதே மூன்று, நாலு, ஐந்து கணக்கைத்தான் போடுகிறார்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் போனபோது 17ஆம் நூற்றாண்டில் அதற்கு ‘செங்கோணத்தில் நிற்பது’ என்ற பொருள் இருந்தது. மட்டத்துக்குச் சரியானது என்பது நெறிக்குச் சரியானது ஆனது. 1794இல் பாரிசில் ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கிய எக்கோல் நார்மாலின் பெயரில் இருப்பது இந்த நெறிப் பொருள்தான். ‘வழக்கமான’ என்ற இன்றைய பொருள் பரவலானது 19ஆம் நூற்றாண்டில். ஆக, வடிவியலில் இருக்கும் நார்மல்தான் மூத்தது. டாக்டர் சொல்லும் நார்மல் இளையது.

தமிழில் இதற்குச் சொல் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் வளைவரையின் தொடுகோட்டோடு சேர்ந்தே வரும் சொல் செங்கோடு. செம்மை என்றால் சிவப்பு மட்டுமல்ல, நேர்மையும்தான். செங்கோல் என்பது வளையாத கோல், கொடுங்கோல் என்பது வளைந்த கோல். அதே செம்மைதான் செங்கோடு, செங்கோணம், செங்குத்து எல்லாவற்றிலும் இருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தொடுகோட்டைத் தொடலி என்பார்கள், நார்மலைச் செவ்வன் என்பார்கள். ‘வேலையைச் செவ்வனே முடித்தான்’ என்று நாம் எழுதும்போது வருவதும் அந்தச் செவ்வன்தான். மட்டத்துக்கு நேராக நிற்பதும் முறைப்படி நடப்பதும் ஒரே சொல்லில். லத்தீனில் நோர்மா நடந்த வழியிலேயே தமிழில் செம்மையும் நடந்திருக்கிறது. எனக்குச் செவ்வன் மிகவும் பிடித்த சொல். இருந்தாலும் இங்கே பள்ளியில் படித்தவர்களுக்குச் செங்கோடு உடனே பிடிபடும் என்பதால் இந்தக் கட்டுரையில் அதையே வைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் செவ்வன் என்று எழுதினால் அது இன்னும் அழகு.

செங்குத்து என்று எழுதக்கூடாதா என்று கேட்கலாம். செங்குத்து என்றதும் தூக்குக்குண்டு தொங்குகிற மேல்-கீழ்த் திசைதான் மனத்தில் வரும். ஆனால் சுவரின் நார்மல் படுத்துக்கிடக்கும், தரைக்கு இணையாக வெளியே நீளும். ‘சுவரின் செங்குத்து’ என்றால் கேட்பவர் சுவரின் உயரத்தை நினைத்துக்கொள்வார். அந்தக் குழப்பம் செங்கோட்டில் இல்லை.

ஒரு சின்னக் குறை உண்டு. கோடு என்றால் அதற்கு இரண்டு பக்கமும் முனை. மென்பொருள் நார்மலுக்கு முனை ஒன்றுதான், அம்பைப் போல. அதனால் திசை முக்கியமாக வரும் இடங்களில் ‘வெளிச் செங்கோடு’ என்று சேர்த்து எழுதலாம். தட்டையான ஒவ்வொரு பரப்பையும் மென்பொருள் முகம் (ஃபேஸ்) என்கிறது. செங்கோடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது முன்முகம், மறுபக்கம் பின்முகம். பக்கம் மாறிப் போயிருந்தால் ‘செங்கோடு புரண்டிருக்கிறது’.

இந்த அம்பை மென்பொருள் எப்படி முடிவு செய்கிறது? மூலைகளின் வரிசையை வைத்துத்தான். முகத்தை நேராகப் பார்க்கும்போது அதன் மூலைகள் இடஞ்சுழியாக அடுக்கப்பட்டிருந்தால் அது முன்முகம். வலஞ்சுழியாக இருந்தால் நாம் பார்ப்பது பின்முகம். பெரும்பாலான நிரல்களில் இதுதான் வழக்கம். வலது கை விரல்களை மூலை வரிசைப்படி மடக்குங்கள். கட்டைவிரல் நீட்டும் திசை செங்கோடு. அதே நான்கு மூலைகளை மறுவரிசையில் எழுதினால் சுவர் அங்குலம் கூட நகராது, ஆனால் செங்கோடு புரண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத கோளாறாக இது இருப்பது அதனால்தான்.

சுவர் ஏன் கறுக்கிறது என்பதற்கு 1760இல் யோஹான் ஹைன்ரிக் லாம்பெர்ட் எழுதிவைத்த விதி பதில் சொல்கிறது. ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சம், விளக்கின் திசைக்கும் செங்கோட்டுக்கும் நடுவே உள்ள கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. நேர் எதிரே விளக்கு இருந்தால் முழு வெளிச்சம், 60 பாகை சாய்ந்தால் பாதி, 90 பாகையில் ஒன்றுமில்லை. செங்கோடு புரண்டிருந்தால் கோணம் 90ஐத் தாண்டிவிடுகிறது, கொசைன் எதிர்க்குறிக்குப் போகிறது. மென்பொருள் அதைச் சுழியமாக எடுத்துக்கொள்கிறது. விளக்கு பளிச்சென்று எதிரே எரிந்தாலும் சுவர் இருட்டு.

காணாமல் போவதற்குக் காரணம் வேறு. மூடிய பெட்டியில் பின்முகம் யார் கண்ணிலும் படாது என்பதால் கணினி விளையாட்டுகளை இயக்கும் எஞ்சின்களும் பல ரெண்டர் நிரல்களும் பின்முகங்களை வரையாமலே விட்டு வேலையை மிச்சப்படுத்துகின்றன. புரண்ட சுவர் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

ஸ்கெட்ச்அப் இரண்டு முகத்தையும் காட்டும். அதன் இயல்பான அமைப்பில் முன்முகம் வெள்ளை, பின்முகம் நீலம் கலந்த சாம்பல். துணியின் நல்ல பக்கமும் உள்பக்கமும் போல. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், சாம்பல் பக்கத்துக்கு மேல் நாம் பெயின்ட் அடித்துவிடும்போது. திரையில் சுவர் அழகாக இருக்கும், புரண்டிருப்பது தெரியாது. அதனால் மெட்டீரியல்களையும் நிறங்களையும் ஏற்றுவதற்கு முன்பே, முன்முக, பின்முக நிறங்களை மட்டும் காட்டும் மோனோக்ரோம் காட்சிக்கு மாற்றி வீட்டைச் சுற்றி வர வேண்டும். வெளியிலிருந்து சாம்பல் தெரிகிற இடமெல்லாம் புரண்டவை. ஒரு முகத்தை வலது கிளிக் செய்து ரிவர்ஸ் ஃபேசஸ் கொடுத்தால் அது திரும்பும். நிறையப் புரண்டிருந்தால், சரியாக இருக்கும் ஒரு முகத்தைப் பிடித்து ஓரியன்ட் ஃபேசஸ் கொடுங்கள். அதோடு ஒட்டிய முகங்களெல்லாம் அதன் வழிக்கு வரும். வேறு குரூப்பில் (தனித் தொகுப்பாகக் கட்டிவைத்ததில்) இருப்பவை வராது, உள்ளே போய்த் தனியாகச் செய்ய வேண்டும். நிறம் அடித்த பிறகு திருப்பினால் நிறமும் முகத்தோடு உள்ளே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தரையில் முதல் செவ்வகம் வரைந்தவுடன் அது சாம்பலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதை மேலே இழுத்துப் பெட்டியாக்கினால் அடிப்பக்கம் வெளியே பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காகவே ஸ்கெட்ச்அப் அதன் செங்கோட்டைக் கீழ்நோக்கி வைக்கிறது.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு ஃபேஸ் ஓரியன்டேஷன் என்ற காட்சி இருக்கிறது: சிவப்பாகத் தெரிவது பின்முகம். எடிட் நிலையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டையும் N எழுத்தையும் அழுத்தினால் செங்கோடுகளை வெளிப்பக்கமாகத் திரும்பக் கணக்கிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு சுவர் அடங்காது. ஹாலையும் படுக்கையறையையும் பிரிக்கும் சுவரை ஒற்றைத் தாளாக வரைந்திருப்போம். ஒரு முகத்துக்கு ஒரு செங்கோடுதான். ஹால் பக்கம் பார்த்தால் படுக்கையறையில் பின்முகம், அந்தப் பக்கம் திருப்பினால் ஹாலில் பின்முகம். எத்தனை தடவை திருப்பினாலும் இது தீராது. தளத்தில் வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், உள்தடுப்பு நாலரை இஞ்ச் என்று கட்டுகிறோம். திரையிலும் அந்தக் கனத்தைக் கொடுத்துவிட்டால் இரண்டு முகம் வந்துவிடும், இரண்டும் அவரவர் அறையைப் பார்க்கும். என்னைக் கேட்டால், கனமில்லாமல் சுவர் வரைகிற பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

நான்கு பக்கமும் கோடு போட்டும் முகம் மூடவில்லை என்ற புகாரும் இதே குடும்பம். தட்டையான முகத்துக்கு ஒரே செங்கோடு. நான்கு மூலைகளில் ஒன்று சற்றே தூக்கியிருந்தாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான செங்கோடு இருக்க முடியாது, ஸ்கெட்ச்அப் முகத்தை உருவாக்க மறுத்துவிடும். எதிர் மூலைகளை ஒரு குறுக்குக் கோட்டால் இணைத்துப் பாருங்கள். இரண்டு முக்கோணங்களாக மூடிக்கொண்டால் மூலைதான் தூக்கியிருக்கிறது. அப்போதும் மூடவில்லையென்றால் கோடுகளின் முனைகள் எங்கோ சேராமல் இருக்கின்றன. கேட் (CAD) வரைவு மென்பொருள் கோப்பிலிருந்து கொண்டுவந்த வரைபடங்களில் இது சகஜம்.

சுவரைச் சுவராகவே வரைகிற மென்பொருள்களிலும் செங்கோடு ஒளிந்திருக்கிறது. ரெவிட்டில் சுவரை வலஞ்சுழியாக வரைந்துகொண்டு போனால் வெளிப்பூச்சு வெளியே அமையும். எதிர்ப்பக்கமாக வரைந்தால் வெளிப்பூச்சு வரவேற்பறைக்குள் வந்து நிற்கும். சுவரைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ்பாரை அழுத்தினால் புரளும். ஸ்வீட் ஹோம் 3டியில் ஒவ்வொரு சுவருக்கும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனி நிறம். எது இடம், எது வலம் என்பது நீங்கள் எந்த முனையிலிருந்து வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து இறக்கிய சோபாவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால், அதைச் சேர்க்கும்போது பின்முகத்தையும் காட்டும்படி குறியிட வழி இருக்கிறது. அது தற்காலிக ஒட்டுதான். சோபாவின் செங்கோடுகளைத் திருத்துவதே முறை.

பாதி வீட்டை வரைந்து கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபாதி செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எதிர்க்குறி அளவில் பெருக்கித் திருப்பும்போது மூலைகளின் சுழற்சி மாறிவிடும். சில மென்பொருள்கள் தாமே சரிசெய்துகொள்ளும், சில செய்யாது. இன்னொரு நிரலுக்கு ஏற்றுமதி செய்வதற்கு முன் அந்தப் பாதியை மட்டுமாவது ஒருமுறை நிறம் நீக்கிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக நார்மல் மேப். இதைச் செங்கோட்டுப் படம் எனலாம். ஊதா கலந்த நீலமாக இருக்கும் அந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒரு செங்கோட்டின் திசை. தட்டையான சுவரில் செங்கல் மேடுபள்ளம் இருப்பதாகக் கண்ணை நம்பவைப்பது அதுதான். செங்கல் உள்ளே போய், நடுவில் உள்ள சாந்து வெளியே தள்ளிக்கொண்டு தெரிந்தால் காரணம் இதுதான்: இந்தப் படங்களை எழுத டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் என்று இரண்டு வரைகலை முறைகள் உண்டு; படம் ஒன்றின் முறையில் செய்யப்பட்டு மற்றதன் முறையில் படிக்கப்படுகிறது. படத்தின் பச்சை நிறத் தடத்தை (கிரீன் சேனல்) மட்டும் தலைகீழாக்கினால் செங்கல் வெளியே வந்துவிடும்.