குழாய்க்குள் தொலைந்த எண்ணிக்கை

ஜூன் 12 நெருங்கிவிட்டால் டெல்டாவில் டீக்கடை முதல் வங்கி வரிசை வரை ஒரே கேள்விதான்: மேட்டூரில் எத்தனை அடி? திருவாரூர் மாணவி ஒருத்தி அந்த அளவுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் சேர்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அணையின் முழு அளவு 120 அடி. எத்தனை நாள் 90 அடிக்கு மேல் நின்றது என்று எண்ண வேண்டும். தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லில், 'கேட்' கட்டளையால் ஃபைலைப் படித்து, | குறி போட்டு, வரிவரியாகத் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு 'வைல்' லூப்புக்கு அனுப்புகிறாள். லூப்புக்குள் எண்ணிக்கை 1, 2, 3 என்று ஒழுங்காக ஏறுகிறது. லூப் முடிந்த அடுத்த வரியில் அச்சிட்டால் 0!

பாஷில் கோளாறு ஒன்றுமில்லை. | குறியைப் பார்த்ததும் ஷெல், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒரு பைப் கேட்டு வாங்குகிறது. ஒரு முனையில் எழுதலாம், மறுமுனையில் படிக்கலாம். அப்புறம் ஃபோர்க் செய்து, குறியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றாகத் தன்னையே நகலெடுக்கிறது. லூப் ஓடுவது வலப்பக்க நகலில். அங்கே ஏறிய எண்ணிக்கையும் நகலின் சொத்து, நகல் முடிந்ததும் அதோடு போய்விடும்.

கல்லணையில் காவிரி பிரிவதைப் போல என்று சொல்லத் தோன்றும்; பாதிதான் பொருந்தும். அங்கே தண்ணீர் பங்கு போகிறது, ஃபோர்க்கில் ஆளுக்கு முழுசாகக் கிடைக்கிறது. வெண்ணாற்றில் இறங்கியது கல்லணைக்குத் திரும்பாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

| போட்டுக் கோத்த இந்தக் கட்டளைத் தொடரையே (பைப்லைன்), வெளியீட்டை விடையாகப் பிடித்துத் தரும் $( ) அடைப்புக்குள் வைத்தால் கதை இன்னும் ஒரு அடுக்கு இறங்கும். வெளி ஷெல் முதலில் ஒரு பைப் போட்டு, ஒரு குழந்தை ஷெல்லைப் பிறப்பிக்கிறது. குழந்தையின் வெளியீடு அந்தப் பைப்பில் விழும். உள்ளே | இருப்பதைப் பார்த்து, குழந்தை தன் பங்குக்கு இன்னொரு பைப் போட்டு, இரண்டு பேரக்குழந்தைகளை உண்டாக்குகிறது. கடைசிப் பேரன் எழுதுவதெல்லாம் நேராக வெளிப் பைப்புக்கே போகும். தாத்தா ஷெல் படித்துக்கொண்டே காத்திருந்து, கடைசியில் வரும் வெற்று வரிகளை வெட்டிவிட்டு, மீதியை விடையாக எடுத்துக்கொள்ளும்.

எதுவரை காத்திருக்கும்? எழுதும் முனையைப் பிடித்திருக்கும் எல்லோரும் கையை விடும்வரை. உள்ளே யாராவது 'ஸ்லீப் 100 &' என்று ஒன்றைப் பின்னணியில் விட்டிருந்தால், விடை எப்போதோ வந்து சேர்ந்திருந்தாலும் ஷெல் 100 விநாடி அசையாது. ஸ்லீப் சொன்ன விநாடிகள் சும்மா தூங்கும், ஒரு எழுத்துக்கூட எழுதாது, முனையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் வெளியீட்டை எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் '/டெவ்/நல்' பக்கம் திருப்பிவிட்டால் சரி.

மாணவிக்கு வழி எளிது. 'கேட்' தேவையே இல்லை. லூப்பின் முடிவில் < குறி போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் லூப் தாய் ஷெல்லிலேயே ஓடும், எண்ணிக்கை கையில் நிற்கும். 'கார்ன்' ஷெல்லும் 'இசட்' ஷெல்லும் பைப்லைனின் கடைசிப் பகுதியைத் தாங்களே ஓட்டுவதால் அங்கே இந்தத் தொல்லை எழாது. பாஷிலும் 4.2 பதிப்பு முதல் அதையே செய்யும் 'லாஸ்ட்பைப்' என்ற விருப்பம் இருக்கிறது. ஆனால் கட்டளைகளை எழுதிவைத்து ஓட்டும் ஸ்கிரிப்டுக்குள்தான் அது எடுபடும். டெர்மினலில் நேரடியாகத் தட்டும்போது, முன்னணி, பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் ஜாப் கன்ட்ரோலை அணைக்காதவரை, பழைய 0 தான் வரும்.